கேதப் பக்கத்தில் ஒரு பூட்டு

எங்கள் இணையதளத்தில் கடைசி விளம்பரம் ஒரு மீனவரின் சாவுச் செய்திக்கு நடுவே வந்தது. படகு கவிழ்ந்து இரண்டாம் நாள் அவர் உடல் கரை ஒதுங்கியிருந்தது. செய்தியை எழுதியது நான். இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் இடையில் ஒரு பெண் சிரித்தபடி சீட்டுக்கட்டை விரித்துக் காட்டினாள். எந்த விளம்பரம் யாருடைய போனில் வரும் என்பதை எங்கோ இருக்கும் இயந்திரம் முடிவு செய்கிறது, எங்களுக்கு அதில் பங்கில்லை. இறந்தவரின் மருமகனிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்க மாமா படத்துக்குக் கீழ சீட்டாட்டமாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே விளம்பரத்தை நிறுத்தினோம். நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒரு நாளிதழின் ராமநாதபுரம் பதிப்பில் நான் நிருபராக இருந்தேன். கூட்டாளி அதே அலுவலகத்தில் பக்கம் வடிவமைத்தவர், கீழக்கரைப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். பதிப்பு மூடப்பட்டபோது இருவரும் சேர்ந்து மாவட்டச் செய்திகளுக்காக இந்தத் தளத்தைத் தொடங்கினோம். அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில், செல்போன் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஓர் அறை. எழுதுவது நான், மற்ற எல்லாம் அவர்.

விளம்பரம் இல்லாமல் ஓர் இணையதளம் எதை வைத்துப் பிழைக்கும் என்று யோசித்தோம். முதலில் செய்திக்கு அடியில் 'விரும்பினால் உதவுங்கள்' என்று ஒரு பொத்தான் வைத்தோம். முதல் வாரம் உதவி வந்தது, மூன்றாவது வாரம் வாழ்த்து மட்டும் வந்தது. பிறகு தளத்தின் வழியாகக் கருவாடு விற்றோம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வாங்க ஆள் இருந்தது. ஆனால் கூரியர் கடைக்காரர் மூன்றாவது பொட்டலத்தை வாங்க மறுத்துவிட்டார். "கல்யாணப் பத்திரிகையெல்லாம் நெய்மீன் வாசம் அடிக்குதுங்கறாக. வேணும்னா நீங்களே பஸ்ல ஏறிக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றார்.

மூன்றாவது முயற்சி ஓரளவு கைகொடுத்தது. அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்து முன்னோருக்குத் திதி கொடுப்பவர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாரித்து, போனில் இறக்கிக்கொள்ளும்படி விலைக்கு வைத்தோம். வண்டியை எங்கே நிறுத்தலாம், என்ன சாமான் கொண்டுவர வேண்டும், வயதானவர்களுக்கு எந்த வழி சுலபம் என்பதெல்லாம் அதில் இருந்தன. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அது நன்றாக விற்றது. இடையில் இருக்கும் மாதங்களுக்கு வழி இல்லை.

அதனால்தான் சந்தாவுக்கு வந்தோம். வாசகர் மாதம் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும், அது அவருடைய வங்கி அட்டையிலிருந்து தானாகக் கழியும். கட்டுபவருக்குத் திறக்கும் பக்கம் ஒன்று வேண்டும், கட்டாதவருக்கு அது பூட்டியிருக்க வேண்டும். எதைப் பூட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது.

நாளிதழில் நான் கற்றது ஒன்று உண்டு. வெளியூரில் இருக்கும் உள்ளூர்க்காரர் முதலில் தேடுவது சாவுச் செய்தியை. எங்கள் பக்கத்தில் அதைக் கேதம் என்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர் இருக்கும் ஊருக்கெல்லாம் ஆள் போய் நேரில் கேதம் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் கேதம் சொல்லிவிட்டால் வந்தாக வேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு யார் ஆள் அனுப்புவது? எங்கள் தளத்தின் கேதப் பக்கத்தை அவர்கள்தான் தினமும் திறந்தார்கள். அதைத்தான் பூட்ட வேண்டும் என்றேன்.

"மவுத்துச் செய்திக்கா பூட்டு?" என்றார் கூட்டாளி. "எங்க ஊர்ல பள்ளிவாசல் மைக்குல சொல்லுவாக. காசு குடுத்தவன் காதுல மட்டும் கேக்கட்டும்னு எந்த மோதினாராவது சொன்னாரா?"

"மைக்குக்கு ஜமாத்து கரண்ட் பில் கட்டுது. நமக்கு யாரு கட்டுறா?"

"சினிமாவைப் பூட்டுங்க. அரசியலைப் பூட்டுங்க."

"அதை யாரும் காசு குடுத்துப் படிக்க மாட்டாக."

"அப்ப அழுறவனுக்கிட்டதான் டிக்கெட் கிழிக்கணும்கறீக."

கடைசியில் நான் சொன்னபடியே நடந்தது. அந்த வாரமே பூட்டு வந்தது. வட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே 'ஒருவர் காலமானார்' என்று ஒரு வரி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். இறந்தவர் பெயர், புகைப்படம், எடுக்கும் நேரம் எல்லாம் சந்தா கட்டியவருக்கு மட்டும். ஊர்ப் பெயரை வெளியில் விட்டது என் யோசனை. ஊரைப் பார்த்தவர் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் போகமாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாளே சந்தா கட்டியவர்களில் ஒருவர் கத்தாரிலிருந்து போன் செய்தார். கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் வேலை. சொந்த ஊர் திருவாடானைக்கு உள்ளே தள்ளி. பெற்றோர் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் சிவகங்கைப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தார்கள். ஊர் வீடு பூட்டிக் கிடந்தது.

"ஒரே தங்கச்சிண்ணே. ரெண்டு ஊர் தள்ளித்தான் கட்டிக் குடுத்துருக்கு. இப்பப் பேச்சு இல்ல" என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். தங்கை மகளுக்குச் சடங்கு வைத்தபோது அவர் விடுப்பில் ஊரில்தான் இருந்தார். தாய்மாமனை நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார்கள். "ரெண்டு ஊர் தாண்டி வரமுடியாதாக்கும்? நான் சீர் கொண்டு போகல. அதோட போச்சு. என் நம்பரும் மாறிப்போச்சு, அவுகளுக்குத் தெரியாது. நல்லது கெட்டது உங்க பக்கத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறணும்."

போனில் கேட்பதை எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு நிருபர் வேலையில் வந்தது. தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரையும் எழுதிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் கூட்டாளி ஒரு பட்டியல் கொண்டுவருவார். அட்டை காலாவதியானதாலோ வேறு காரணத்தாலோ சந்தா கழியாதவர்களின் பட்டியல். தளம் அவர்களுக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பும், அதை யாரும் திறப்பதில்லை. ஒருமுறை அவர் கேட்டார்: "இவுகளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவா? கொஞ்ச நாள் பூட்டாம விடுவோமா?"

"பேப்பர் வரலைன்னா வாசகரே ஏஜென்ட்டைத் தேடி வருவாரு. விடுங்க" என்றேன்.

கத்தார்க்காரரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர் கம்பெனி மாறியபோது பழைய அட்டை செல்லாமல் போயிருந்தது. அது பின்னால் தெரிந்தது.

அடுத்த மாதத்தின் நடுவில் ஒரு நாள் காலை, ஒருவர் போனில் கேதம் சொன்னார். அண்ணன் மனைவி இறந்துவிட்டார், திடீரென்று மயங்கி விழுந்தார், எழுந்திருக்கவில்லை. ஊர் பெயர் சொன்னார். "பொறந்த வீட்டு ஆளு வெளிநாட்டுல இருக்காக. அவுக கண்ணுல படுறாப்ல கொட்டை எழுத்துல போடுங்க. போட்டோ அனுப்புறேன்."

நான்தான் தட்டச்சு செய்தேன். அன்று வேறு இரண்டு சாவும் இருந்தன. எழுத்துப்பிழை பார்த்தேன், எடுக்கும் நேரத்தை இரண்டு முறை சரிபார்த்தேன், ஏற்றினேன். அந்த ஊர்ப் பெயர் என் குறிப்பேட்டில் இருந்தது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எட்டாம் நாள் கத்தாரிலிருந்து போன் வந்தது.

"காசு கட்டிட்டேண்ணே. இப்பத் தெறக்குது" என்றார். பிறகு, "எந்தங்கச்சிண்ணே" என்றார்.

தங்கை இறந்த அன்றைக்கே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் அந்த வரியைப் பார்த்திருக்கிறார். தங்கையின் ஊர், ஒருவர் காலமானார், பூட்டு. தொட்டால் சந்தா கேட்டது. அட்டை செல்லவில்லை. அந்த ஊரில் ஒரு பெரியவர் ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தார், அவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "தங்கச்சிக்கு நாப்பதுகூட முடியலண்ணே. அந்த நெனப்பு எப்படிண்ணே வரும்?" புது அட்டை கைக்கு வந்ததும் சந்தாவைப் புதுப்பித்து, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயிருக்கிறார்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "நீங்க ஒரு எட்டுப் போய், நான் வேணும்னு வராம இருக்கலன்னு நேர்ல சொல்லணும். போன்ல சொன்னா மதிக்க மாட்டாக."

மறுநாள் போனேன். தேவிபட்டினம் தாண்டி உப்பூர் வழியாக, ராமநாதபுரத்திலிருந்து பைக்கில். வழி நெடுகக் கருவேலம். அந்த வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தங்கையின் கணவர் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னார். பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து உடலின் மேல் விழ வேண்டும், அதன் பிறகுதான் எடுப்பார்கள். "போன்ல பத்திரிகை அனுப்பித்தானே முன்னால பகை வந்துச்சு? அதான் இந்தத் தடவ முறையாச் செஞ்சோம். கேதம் பொறந்த வீட்டு வாசல்லதான் சொல்லணும், அவரு மாமனார் வீட்டுல இல்ல. அவுக ஊருக்கே ஆள் அனுப்பினோம். பூட்டுன வீட்டு வாசல்ல நின்னு கேதம் சொல்லிட்டு வந்தான். பக்கத்து வீட்டுல சாட்சி வச்சுட்டு வந்தான். வெளிநாட்டுல இருக்கவருக்கு உங்க பக்கத்துலயும் போட்டாச்சு. மூணு மணிக்கு எடுக்க வேண்டியத வெளக்கு வைக்கிற வரைக்கும் வச்சிருந்தோம். அவருகிட்டருந்து ஒரு வார்த்தை இல்ல. கடைசியில பங்காளி ஒருத்தர் கோடி போட்டாக."

"அவருக்குத் தெரியாது. பூட்டியிருந்துச்சு" என்றேன்.

"என்ன பூட்டு?"

நான் விளக்கும்போது நிலையருகே ஒரு பெண் வந்து நின்றாள். சடங்கு வைக்கப்பட்ட மகள் அவள்தான், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவின் போனை வாங்கி எங்கள் பக்கத்தைத் திறந்து, கீழே தள்ளித் தள்ளிப் போய், என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர்கள் ஊர்ப் பெயர், ஒருவர் காலமானார், பூட்டு.

"எங்கம்மா பேரு எங்கன இருக்கு?" என்றாள்.

அந்த வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. போட்டாகிவிட்டது என்ற நம்பிக்கையில் யாரும் திறந்து பார்க்கவில்லை. அங்கேயே நின்று கூட்டாளிக்குப் போன் செய்து, கேதப் பக்கத்தின் பூட்டை எடுக்கச் சொன்னேன்.

"எல்லாருக்குமா? சந்தா அவ்வளவுதான்ணே."

"எல்லாருக்கும். இப்பவே."

சில நிமிடங்கள் ஆயின. அவள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருமுறை விரல் நின்றது. தாயின் பெயரை வாய்க்குள் படித்தாள். கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தேன்.

"மாமா கண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சா, பூட்டோட?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தா வரட்டும். நாங்க தடுக்க மாட்டோம்" என்றார். "ஆனா அன்னைக்கு வராத கோடி வராததுதான். அவ அதப் போட்டுக்கிட்டுப் போகல."

புதுக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் முடியாததால் கத்தார்க்காரருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கருமாதிக்கு அவர் மனைவி சிவகங்கையிலிருந்து வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய புது நம்பரைத் தங்கையின் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவள் பேசினாளா என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கேதப் பக்கம் அதன் பிறகு பூட்டப்படவில்லை. சந்தாக்காரர்கள் மாதத்துக்குச் சிலராக உதிர்ந்தார்கள். திறந்து கிடப்பதற்கு யார் கட்டுவார்கள்? தளம் இப்போது அமாவாசைக் கையேட்டில் ஓடுகிறது. தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் கொண்டுவந்திருக்கிறோம். கீழே கடைக்காரருடைய கணினி வேலைகளையும் கூட்டாளி செய்து தருகிறார், அறை வாடகை அதில் கழிகிறது. இன்னும் கட்டும் சிலரில் கத்தார்க்காரரும் ஒருவர். ஏன் என்று கேட்கட்டுமா என்றார் கூட்டாளி. வேண்டாம் என்றேன்.

அவர் தங்கையின் ஊரிலிருந்து கேதம் வந்தால் ஏற்றுவதற்கு முன் நான் அவருக்குப் போன் செய்கிறேன். இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன். என் நம்பரைப் பார்த்து எடுப்பவர் ஹலோ சொல்வதில்லை. அந்தப் பக்கம் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்கும். "உங்க வீடு இல்ல" என்று முதலில் சொல்லிவிடுவேன். அவர் மூச்சு விடுவது கேட்கும். அதன் பிறகுதான் இறந்தவர் பெயரைச் சொல்வேன்.