ஏறலாகாது என்று எழுதிய பலகை

2024 மார்ச் 12, செவ்வாய், காலை 7.40. வானம் மூடியிருந்தது. காற்று இல்லை, மழைக்கு முந்தைய புழுக்கம். மார்சிலிங் பக்கத்துக் குன்றின் அடியில் டாக்சியிலிருந்து இறங்கினேன்.

உச்சியில் வெள்ளைக்காரர் காலத்துக் காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் வெளிப்புற இரும்பு ஏணி துருப்பிடித்துவிட்டதால், எச்சரிக்கைப் பலகை செய்யும் வேலை ஜாலான் புசாரில் உள்ள எங்கள் கடைக்கு வந்தது. நான்கு மொழிகள். தமிழ் வரியை எழுதி, மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்திடுவது பத்தொன்பது ஆண்டுகளாக என் வேலை. 'இந்த ஏணியில் ஏறலாகாது' என்று எழுதிக் கொடுத்தேன். காகிதத்தில் ஒரே வரி, பிழை ஒன்றும் இல்லை.

பலகையை நட்டவர்கள் முந்திய இரவு அனுப்பியிருந்த படத்தை அன்று காலை ஆறரைக்குத்தான் பார்த்தேன். பலகையின் அகலம் போதாமல், டிசைன் செய்தவர் வரியை உடைத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மேலே 'இந்த ஏணியில் ஏறலா'. கீழே தனியாக 'காது'.

முதலாளி ஹாஜாவுக்கு போன் செய்தேன்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை மாத்திடலாம் லா. மலை மேல யாரு தமிழ் படிக்கப் போறா?"

"இன்னிக்கு எட்டரைக்குப் புல்லு வெட்ட ஆள் வருதாம். ஊர்லேர்ந்து வந்த பிள்ளைங்க. நாலு மொழியில தமிழைத்தான் படிப்பாங்க."

"முட்டி வலியோட நீங்க எதுக்கு ஏறணும்?"

"கையெழுத்து என்னோடது, ஹாஜா."

பாதையில் 326 மரப்படிகள். 240-ஆவது படிக்குள் எட்டு முறை நின்றேன். அங்கே மேலிருந்து புல்வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது. முன்கூட்டியே வந்துவிட்டார்கள். மீதி 86 படிகளில் நிற்கவில்லை.

கோபுரத்தில் படர்ந்த கொடியை வெட்ட ஒருவர் ஏணியின் ஆறாவது கம்பியில் நின்றிருந்தார். "இறங்குங்க" என்று மூன்று முறை கத்தினேன். திரும்பவில்லை. காதில் இரைச்சல் தடுப்பு மாட்டியிருந்தார். குடையால் அவர் பூட்ஸைத் தட்டினேன்.

ஒரு காதைத் திறந்தார். "என்ன ஐயா?"

"ஏறக் கூடாது தம்பி."

"ஏறலாம்னுதானே போர்டுல இருக்கு. 'ம்' மட்டும் விட்டுப்போச்சு."

"கீழ் வரி?"

"காது. அதான் மாட்டிட்டு ஏறினேன்."

அவருடைய கூட்டாளி மெஷினை அணைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லவேளை, கண்ணுன்னு போடல. கட்டிட்டு ஏறியிருப்பான்."

அவர் இறங்கும்போது நான்காவது கம்பி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. சுவரைப் பிடித்தபடி குதித்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட்டாளியின் சிரிப்பு நின்றுவிட்டது.

கொண்டுபோயிருந்த அட்டையில் 'ஏறாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பலகைமேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். இருவரையும் தனித்தனியாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். பலகையின் அகலத்தைக் கேட்காமல் மெய்ப்பை அனுப்பாதீர்கள். எங்கே உடைத்தாலும் பொருள் மாறாத சொல்லை எழுதுங்கள். நட்ட பிறகு ஒரு முறை நேரில் போய்ப் படியுங்கள்.

புதிய பலகைக்கான செலவில் பாதியை நானே கேட்டு ஏற்றுக்கொண்டேன், 94 வெள்ளி. டாக்சிக்கு 31 வெள்ளி 60 காசு. முட்டித் தைலம் 7 வெள்ளி 90 காசு. ஆக மொத்தம் 133 வெள்ளி 50 காசு.