கண்ணாடிப் பெட்டியில் எழுதாதது

ஆண்டிபட்டிக்கு வெளியே நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே கை நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய். ‘தண்ணீரிலிருந்து எரிபொருள்: எங்கள் சாதனை’ என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய சாதனை என்று எழுதவில்லை.

வேதியியல் சாருடையது. நான் அவருடைய ஆய்வக உதவியாளன். இரும்போடு வேறு உலோகங்கள் கலந்த தூளைக் குழாயில் நிரப்பி, உலையில் காய்ச்சி, நீராவியை விடுவார். தூள் நீராவியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் மறுமுனையில் தண்ணீர் உள்ள ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் குமிழியிடும். ஒருமுறை செய்வது சுலபம். பிடித்த ஆக்சிஜனை வெயில் சூட்டிலேயே விட வைத்து, அதே தூளை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் பிடிவாதம். இந்த ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்பார். ஆறு வருடம் தோற்றார். ஒவ்வொரு தோல்வியையும் நான் நோட்டில் எழுதுவேன். அது என் வேலை.

ஆயுத பூசைக்கு முந்தைய நாள், மொட்டை மாடியில் குழிக்கண்ணாடி வைத்து வெயிலில் காய்ச்சிய பழைய தூளைப் போட்டு உலையை ஏற்றியிருந்தார். கல்லூரியில் அன்றே எல்லா இயந்திரத்துக்கும் சூடம் காட்டுவது வழக்கம். தாளாளர் போட்டோக்காரரோடு வந்தார். பாட்டிலில் இன்னும் காற்று இருக்கிறது, ஹைட்ரஜன் அதோடு கலந்தால் வெடிக்கும், தீ வேண்டாம், நிறுத்திவிட்டுக் காட்டலாம் என்றார் சார்.

“ஓடாத மிசினுக்கு என்னத்துக்குய்யா பூசை?” என்றார் தாளாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

சூடத் தட்டு என் கையில். ஆபத்து எனக்கும் தெரியும். தாளாளர் கண்ணைக் காட்டியதும் சுற்றினேன். தட்டைப் பிடுங்கச் சார் குனிந்தார். பாட்டில் வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் அவருடைய இரண்டு கண்களிலும் பாய்ந்தன. எனக்கு முழங்கையில் ஒரு கீறல்.

மறுவாரம் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். சூடம் காட்டச் சொன்னது சார்தான் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் வேலை போனது. என் வேலை தப்பியது.

சின்னமனூரில் அவர் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போனேன். கையெழுத்தைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, “வெறுங் காத்து வெடிக்காதுப்பா. அன்னைக்கு ஹைட்ரஜன் வந்துருச்சு. நோட்டுல எழுதிட்டியா?” என்றார்.

எழுதிவிட்டேன் என்றேன். வழியனுப்ப வந்த அவர் மனைவி வாசலில் மெதுவாகச் சொன்னார்: “அவுக உங்கள நம்புறாக. இனிமே இங்கன வராதீக.”

போன மாதம் சார் இறந்தார். நேற்று யாரோ விருந்தினர் வருகிறார் என்று பெட்டியைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்துவிட்டுப் போய் நோட்டைத் திறந்தேன். பாட்டில் வெடித்த தேதிக்குக் கீழே வெறும் தாள். எழுதினேன்: பழைய தூளில் ஹைட்ரஜன் வந்தது. சூடம் காட்டச் சொன்னது சார் இல்லை. காட்டியது நான்.