அமாவாசை விரதமும் அன்னாசி மாத்திரையும்

தனபாக்கியம் அம்மாள் காலியான மாத்திரை அட்டை ஒன்றைக் கவுன்டரில் வைத்தபோது, என் பார்வை அவருடைய கையில் நின்றது. முழங்கைக்குக் கீழே மூன்று நான்கு இடங்களில் தோல் நீலமாகக் கன்றியிருந்தது.

"இதே மாத்திரை ஒரு அட்டை குடுங்க ஐயா. ஜல்தி. பஸ்ஸு போயிடும்."

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். வீடு விழுப்புரத்தில். காலைப் பூசையை முடித்துவிட்டு, ரயிலில் பதிகம் ஓதிக்கொண்டே வேலைக்கு வருபவன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த தனபாக்கியம் அம்மாளுக்கு இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, தினமும் மாலையில் ஒரு மாத்திரை. அதை மாதந்தோறும் எங்களிடமே வாங்குவார்.

அன்று அவர் கொண்டுவந்தது வேறு. அன்னாசியிலிருந்து எடுக்கும் என்சைம் மாத்திரை. செரிமானத்துக்கும் மூட்டுவலிக்கும் நல்லது என்று அட்டையில் போட்டிருந்தது. விழுப்புரத்தில் உறவுக்காரர் யாரோ வாங்கித் தந்ததாம்.

"கையில என்னம்மா காயம்?"

"மூட்ட தூக்கனதுல பட்டிருக்கும்."

உடன் வந்த நாத்தனார் கஸ்தூரி விடவில்லை. "எந்த மூட்ட? ஒரு மாசமா முட்டி வலின்னு உக்காந்துக்கினு என்னைத்தான தூக்க வெச்ச?"

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்த என்சைமையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக் கசிவு கூடக்கூடும் என்று படித்திருக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன் என்றேன். கல்லாவில் இருந்த முதலாளி குறுக்கிட்டார். "இன்னா ஐயா, பழம்தான? குடுத்து அனுப்புங்க. அமாவாச கூட்டம் வேற."

அந்தச் சொல்லை அம்மாள் பிடித்துக்கொண்டார். "அதத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு மலையனூரு அங்காளம்மன் கோயிலுக்குப் போறேன். விரதம். மருந்து வாயில படக்கூடாது, பழம் சாப்பிடலாம். இது பழத்துல செஞ்சது, அதனால முழுங்கலாம்."

உடனே கேட்டேன். "அப்போ நாளைக்கு இருதய மாத்திரை?"

"அது மருந்தாச்சே! ஒவ்வொரு அமாவாசைக்கும் வுட்டுடுவேன்."

கன்றியதை மட்டும் பார்த்து நின்றிருந்த எனக்கு இது அதைவிடப் பெரிய அபாயமாகத் தெரிந்தது. அந்த மாத்திரையை விட்டால் வால்வில் ரத்தம் கட்டலாம். கட்டினால் பக்கவாதமோ அதற்கு மேலோ நேரலாம். எடுத்துச் சொன்னேன். ஆபரேஷன் மேசையில் கிடந்தபோது அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்ட விரதம் இது என்றார் அவர். உயிர் திரும்பியது அவளால்தான்; அவளுக்குக் கொடுத்த வாக்கில் குறை வைக்க மாட்டாராம்.

அன்பே பூசை, உடலே ஆலயம் என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வழி அது.

அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க பாட்டு படிச்சவுங்க. நேந்துக்கினவ நானு. அவகிட்ட பதில் சொல்ல வேண்டியதும் நானு."

முதலாளி வாயைப் பொத்திச் சிரித்தார். நான் பேச்சை நிறுத்திவிட்டு வேறொன்று கேட்டேன். "விரதத்தை எப்போது முடிப்பீர்கள்?"

"ஊஞ்சல்ல அம்மன பாத்தவொடனே. ராத்திரி ஆயிடும். அப்புறம் புளிசாதம் சாப்ட்டு பஸ்ஸுல ஏறிடுவேன்."

"அப்போது மாத்திரை போடலாமே?"

"சாயங்காலம் போடறதுன்னு டாக்டர் எழுதிக்கிறாரு. நேரம் தப்பிப் போட்டா இன்னும் கெடுதின்னுதான் போடறதில்ல."

அவருடைய புதுச்சேரி டாக்டருக்கு அங்கேயே போன் செய்து, கன்றிய தோலையும் விரதத்தையும் விவரமாகச் சொன்னேன். அன்னாசி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். பக்கத்து லேப்பில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை எடுத்தோம். முடிவைக் கேட்டபின், ஸ்பீக்கரில் அம்மாளிடமே பேசினார். "அம்மா, சாமி பாத்துட்டு ராத்திரியே போட்டுக்குங்க. லேட்டானா பரவால்ல, வுடக் கூடாது. மறுநாள் வழக்கம்போல சாயங்காலம். ரெண்டாச் சேத்துப் போட்றாதீங்க. கைய நான் பாக்கணும், அமாவாச முடிஞ்சதும் வாங்க."

அம்மாள் முந்தானையில் ஒரு மாத்திரையை முடிந்துகொண்டார். "அவ எதிர்லயே போடறேன்" என்றார். கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "இத மொதல்லயே டாக்டரக் கேட்டிருந்தா நான் இப்டி வயித்துல நெருப்பக் கட்டிக்கினு அலைவனா?"

அவர்கள் போன பிறகும் மனம் அமைதியடையவில்லை. கூட்டத்தில் மறந்துவிட்டால்? மறுநாள் முழுவதும் வேலையினூடே பதிகம் வாயில் ஓடியபடியே இருந்தது.

அமாவாசை கழிந்து, டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். அம்மாள் குங்குமப் பொட்டலம் நீட்டினார். நான் கேட்குமுன் கஸ்தூரி முந்திக்கொண்டாள். "ஊரே பிரசாதம் வாங்கிக்கினு இருக்குது, இவ மாத்திரைய அம்மனுக்குக் காட்டிட்டு வாயில போட்டுக்கினா. பக்கத்துல நின்னவ இன்னா பிரசாதம்னு கேட்டு கைய நீட்டறா!"

முட்டிக்கு டாக்டர் பூசுமருந்தும் பயிற்சியும் சொல்லியிருந்தார். அம்மாளுக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "அப்போ அன்னாசிய பழமாவே தின்னலாமா ஐயா?"

"அதையும் டாக்டரிடமே கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். ரெண்டு துண்டு தின்னுன்னாரு. நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாத்தேன்."

இத்தொழிலுக்கு வருபவர்கள் அறிய வேண்டியது இதுதான். பழம், வேர், இலை என்று எதன் பெயரில் விற்றாலும், உடலுக்குள் போய் வேலை செய்வது மருந்துதான். வாங்க வருபவர் வேறு எதை உட்கொள்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று இரண்டையும் கேட்க வேண்டும். விட்டதற்குக் காரணம் நேர்த்திக்கடன் என்றால் அதோடு வாதாடாமல், அது முடியும் நேரத்தைக் கேட்க வேண்டும்.

எங்கள் முதலாளி இதை என்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டார். சென்ற வாரம் கொசுவர்த்தி வாங்க வந்தவரையும் நிறுத்திக் கேட்டார்: "விரதம் ஏதாவது கீதா? எப்ப முடியுது?"