நடுவர் கட்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு ஃபுட்பால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர் அணியின் கட்சி. என் தாய்மாமன் ஒருவர் மட்டும் நடுவர் கட்சி.

ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கும் ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவன்மேல் தலைக்கவசம் போட்ட ஆட்கள் மொத்தமாக விழுவதுமான அமெரிக்க ஆட்டம். எங்கள் வீடு டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில். அங்கே இந்த ஆட்டம் தெரியாமல் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் காபி மெஷின் பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காது. மாமா அதற்காகத்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து இன்ஜினியராக வந்து எங்கள் மாடி அறையில் தங்கியிருந்த அவருக்கு எதையும் அரைகுறையாகக் கற்றுக்கொள்ளத் தெரியாது. மற்றவர்கள் ஸ்கோர் பார்த்தார்கள், அவர் விதிகளைப் படித்தார்.

மற்றவர்கள் என்றால் அப்பாவின் சிநேகிதர்களான மூன்று அங்கிள்கள். அதில் முக்கியமானவர் எங்கள் தெருவின் மூலை வீட்டுக்காரர். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வீட்டு நாய் எழுந்து உட்காரும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஆதலால் அவர்களுக்கு நடுவர் என்றாலே பிறவி விரோதி. எதிரணிக்காரன் நம் ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தால் அது அக்கிரமம். நம் ஆள் அவன் சட்டையை இழுத்தால் அது சாமர்த்தியம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அறையே கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நேரம் பார்த்து சோபாவின் ஓரத்திலிருந்து மாமாவின் குரல் வரும்: "இல்லீங்க, அவரு குடுத்தது சரிதானுங்க." பஜ்ஜித் தட்டோடு வரும் அம்மா தன் தம்பியை முறைப்பாள். வந்தவர்களோடு ஒத்துப்போனால் குடியா முழுகிவிடும் என்பது அவள் எண்ணம்.

எனக்கும் கோபம் வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பேன். என் மாமாவே எதிரிக்குத் துணை போகிறார் என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் அவரிடம் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஊருக்குப் போகும்போது குத்தலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஐந்து வயதில் எனக்குக் காது குத்தியது ஒரு மாலில், கம்மல் விற்கும் கடையில். குழந்தை தனியாகத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும், அது கடையின் விதி என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள். மடியில் உட்காருவது எங்கள் விதி என்று மாமா சொன்னார். மேனேஜர் வந்தார், பேச்சு நடந்தது, மாமா நாற்காலியில் உட்கார்ந்தார், நான் மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். தன் தம்பி வாழ்க்கையில் ஒரு ரூலை எதிர்த்துப் பேசினது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

ஆட்டத்தின் துணிகளைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மஞ்சள் துணி நடுவருடையது. மைதானத்தில் யாராவது தப்பு செய்தால் வீசுவார். சிவப்புத் துணி கோச்சுடையது. நடுவரே தப்பு செய்துவிட்டார் என்று தோன்றினால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் கோச் அதை வீச வேண்டும். விளையாடுகிறவன் வீசக் கூடாது, கோச் மட்டும்தான் வீசலாம். வீசியதும் நடுவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் நடந்ததைப் படத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அதற்கு ரிவ்யூ என்று பெயர். பார்த்து முடித்ததும் முடிவை மாற்றினாலும் மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் அதை இரண்டு விதமாகச் சொல்வார்கள், கன்ஃபர்ம்டு அல்லது ஸ்டாண்ட்ஸ். எனக்கு இது மட்டும் விளங்கவே இல்லை.

"ரெண்டுமே லாஸ்தானே மாமா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல கண்ணு. கன்ஃபர்ம்டுன்னா அவரு சொன்னது சரின்னு தெரிஞ்சு போச்சு. ஸ்டாண்ட்ஸ்னா சரின்னும் தெரியல, தப்புன்னும் தெரியல. மாத்தறதுக்கு சாட்சி பத்தல. அதனால சொன்னது சொன்னபடி நிக்குது, அவ்வளவுதான்."

தோற்றவனுக்கு எதில் தோற்றால் என்ன என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மாமா சிரித்துவிட்டு என் தட்டில் ஒரு பஜ்ஜி வைத்தார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ரிவ்யூ என்கிற சொல் ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கவில்லை. மாமாவின் விசாவை நீட்டிக்கச் சொல்லி அவர் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. என்னடா ஆச்சு என்று அம்மா தினமும் கேட்பாள். ரிவ்யூல இருக்குதுக்கா என்று மாமா தினமும் சொல்வார். அது எங்கே நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நியூயார்க்கில்தான். நடுவர்களைப்போல் கோடு போட்ட சட்டைக்காரர்கள் உட்கார்ந்து, மாமா ஆபீஸ் போவது, மாமா குப்பைத்தொட்டியைச் சரியான கிழமையில் தெருவுக்கு இழுத்து வைப்பது எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் கார் ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து நான் ஸ்டாப் சைன்களைக் கவனித்துக்கொண்டே வருவேன். ஒவ்வொன்றிலும் வண்டி முழுசாக நிற்கும். இப்படிப்பட்டவரைப் பற்றி யார் என்ன தப்பு சொல்ல முடியும் என்று தைரியமாக இருந்தேன்.

தீபாவளி முடிந்து வந்த ஒரு ஞாயிறு. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கள் ஆள் எகிறி, எல்லைக்கோட்டுக்கு உள்ளே, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மூலை வீட்டு அங்கிள் என்னைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். மேலே இருந்தபடியே நான் டிவியைப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்று நடுவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கோச் சிவப்புத் துணியை வீசினார். நியூயார்க் பார்த்தது. ஒரே காட்சியை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் பந்து கையில் இருந்தது. இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் தரையில் பட்டுக் கொஞ்சம் அசைந்தது. கடைசியில் நடுவர் மைக்கைப் போட்டுச் சொன்னார், ஸ்டாண்ட்ஸ்.

மூலை வீட்டு அங்கிள் கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை டிவியை நோக்கி எறிந்தார். அது அப்பாவின் புது ஸ்பீக்கரில் பட்டு விழுந்தது. கொள்ளை, பித்தலாட்டம் என்று ஆளாளுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கீழ விழுந்து முடியற வரைக்கும் பந்து கையில நிக்கோணுங்க. நகந்துருச்சுங்க. அதுதானுங்க ரூல்."

"ரூலாவது மண்ணாவது. நீ எந்த சைடுப்பா? நியூயார்க்ல உக்காந்துக்கிட்டு அவனுங்க என்னத்தப் பாத்தானுங்க?"

"பாத்திருப்பாங்க" என்றார் மாமா. அவர் குரல் வழக்கம்போல் இல்லை. "ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்திருப்பாங்க. பாக்காம சொல்ல மாட்டாங்க."

யாரும் ஆட்டத்தைப் பற்றி அவ்வளவு கெஞ்சலாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா தட்டை வைக்காமல் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அன்று முழுவதும் மாமாவோடு பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஆபீஸ் நேரத்தில் மாமாவின் கார் வாசலில் நின்றது. அவர் டிவி போடாமல், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாமா ஊருக்குப் போகிறார் என்று அம்மா சொன்னாள். எப்போது வருவார் என்றேன். அவள் என் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். அவர் செய்கிற வேலைக்கு அவர் படித்த படிப்பு தேவையில்லை என்று விசா ஆபீஸில் யாரோ முடிவு செய்துவிட்டார்களாம். இத்தனை வருடம் தேவையாக இருந்த படிப்பு இந்த வருடம் தேவையில்லாமல் போய்விட்டது. மறுபடி பார்க்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"கேக்கலாம். ஆனா கம்பெனிதான் கேக்கணும், மாமா கேக்க முடியாது" என்றாள் அம்மா. "கம்பெனி கேக்கப் போறதில்லையாம்."

அந்த வயதில் எனக்குப் புரிந்த விஷயங்கள் குறைவு. இது உடனே புரிந்தது. கோச் துணியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்.

வழியனுப்ப அங்கிள்கள் வந்தார்கள். ரூல்னா ரூல்தானே, என்ன பண்ண முடியும் என்றார் ஒருவர். கவர்மென்ட் விஷயம், நாம ஒண்ணும் பேச முடியாது என்றார் மூலை வீட்டு அங்கிள், அடுத்த வீட்டு நாய்க்குக் கேட்காத குரலில். அம்மா அன்றும் பஜ்ஜி போட்டிருந்தாள். நான் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பஜ்ஜியை ஒழுங்காகத் தின்று முடித்தார்கள்.

சரி, நானே வீசிவிடுவது என்று முடிவு செய்தேன். நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணிகள் அம்மாவின் அலமாரியில் இருந்தன. யாரும் தைத்துப் போடாமல் கேட்டியிலுள்ள தமிழ் வீடுகளை வருடாவருடம் சுற்றி வரும் துணிகள் அவை. நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்தேன். துணி தூரம் போய் விழுவதற்காக உள்ளே கனமாக ஏதாவது வைத்துக் கட்டுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். ஒரு கை மொச்சைக்கொட்டையை வைத்து முடிந்தேன்.

ஏர்போர்ட்டில் அம்மா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மாமா என் தலையில் கை வைத்தார், அப்பாவைத் தழுவிக்கொண்டார், செக்யூரிட்டி வரிசையில் போய் நின்றார். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் வீசியாக வேண்டும். நான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து, என்னால் முடிந்த மட்டும் வேகமாக வீசினேன்.

தூரம் போய்த்தான் விழுந்தது. ஆனால் முடிச்சு அவிழ்ந்து, மொச்சைக்கொட்டை நாலா பக்கமும் ஓடியது. நீலச் சட்டை போட்ட ஒரு அதிகாரி திரும்பினார். அப்பா கைகளை உயர்த்தி சாரி சாரி என்று ஓடினார். அதற்குள் மாமா வரிசையை விட்டு வெளியே வந்து துணியைக் கையில் எடுத்துவிட்டார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஷீ இஸ் சேலஞ்சிங் த கால், சார்" என்றார் அதிகாரியிடம்.

அந்த மனிதர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் போட்டிருந்த அணியின் சட்டையைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. கையைக் காட்டி வரிசையை நிறுத்தினார். அந்த வருடம் மாமாவுக்காக ஒரு நிமிடம் பொறுத்துக்கொண்ட அதிகாரி அவர் ஒருவர்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மாமா என் முன்னால் மண்டியிட்டார். நடுவர்கள் செய்வதுபோல் இரண்டு கை விரலாலும் காற்றில் ஒரு டிவிப் பெட்டி வரைந்தார். காதில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். சத்தியமாக, அந்தப் பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் நம்பினேன்.

"பாத்துட்டாங்க கண்ணு" என்றார். "ஸ்டாண்ட்ஸ்."

நான் ஓவென்று அழுதேன். அவர் என் இரண்டு காதுகளையும் தொட்டு, குத்திய இடத்தை லேசாக வருடினார்.

"கன்ஃபர்ம்டு இல்ல சாமி, ஸ்டாண்ட்ஸ். மறந்துராத."

பிறகு அவர் தரையில் கிடந்த மொச்சையைப் பொறுக்கினார். அதிகாரி தன் ஷூ முனையால் ஒன்றிரண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். மாமா எல்லாவற்றையும் துணியில் முடிந்து சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் அங்கிள்கள் வந்தார்கள். அம்மா பழக்க தோஷத்தில் மாமாவின் பங்குக்கும் சேர்த்து மாவு கரைத்துவிட்டாள். ஆட்டத்தின் நடுவில் எங்கள் அணிக்கு எதிராக மஞ்சள் துணி விழுந்தது. மூலை வீட்டு அங்கிள் கத்திக்கொண்டே எழுந்தார். எழுந்தவர், மறுபேச்சு வருமென்று, சோபாவின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு தலையணைதான் இருந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"சரியாத்தான் குடுத்திருப்பான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மாமா இப்போது ஈரோட்டில் நல்ல வேலையில் இருக்கிறார், அவர் பிள்ளைகளுக்கு என் அத்தை கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்டாண்ட்ஸ் என்று அவர் சொன்னதன் பொருளை நான் வளர்ந்த பிறகு ஒருவாறு தெரிந்துகொண்டேன். எனக்கு இன்னும் மனத்தைப் பிசைவது அதற்குச் சில வாரங்கள் முந்தைய ஞாயிறு, பஜ்ஜி பறந்த ஞாயிறு. அந்த அறையில் இருந்த பெரியவர்களில் அப்பா, அம்மா, மூன்று அங்கிள்கள், எல்லோரிடமும் கிரீன் கார்டு இருந்தது. அவர்களுக்கெல்லாம் முடிவு வந்தாகிவிட்டது. அவர்கள் நடுவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். முடிவு வர வேண்டியிருந்தவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான். பாக்காம சொல்ல மாட்டாங்க என்று அவர் சொன்னபோது, எதிரிக்குத் துணை போகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஆட்டத்தைப் பற்றியே பேசவில்லை.