லினோலியத்துக்கு அடியில் நாற்பதாவது படம்

ஈயக் குழாய் திருடினாராம்! வில்ஃப் கார்ட்ரைட்டையா சொல்கிறீர்கள்? இடிக்கப் போகிற வீடுகளுக்குள் அவர் போனது உண்மைதான். நானே பார்த்தேன். வெளியே வரும்போது கக்கத்தில் இருந்தது பழைய பத்திரிகைத் தாள். ஈயக் குழாயை யாராவது அதில் மடித்து எடுத்துப் போவார்களா?

வில்ஃப் எங்கள் தெருவுக்குக் கரி மூட்டை சுமந்தவர். சண்டைக் காலத்தில் எங்கள் ஹல் நகரத்து மாலைப் பத்திரிகை ஒன்றில், குண்டுவீச்சின்போது தெருவைக் காவல் காக்கும் வார்டனைக் கிண்டல் செய்து, தொப்பை வார்டன் என்று கேலிப்படம் வரும். மொத்தம் நாற்பது. அப்போது வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் சர்க்கார் கேட்டு வாங்கிக்கொண்டது. நாங்களும் கட்டுக்கட்டாகக் கொடுத்தோம். பத்திரிகை ஆபீசில் இருந்ததும் குண்டு விழுந்து எரிந்துபோயிற்று. தப்பியது, தரையில் போடும் மெழுகு விரிப்பான லினோலியத்துக்கு அடியில் விரித்த தாள்கள் மட்டும். வில்ஃப் தேடியது அவற்றைத்தான். முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டன. சனிக்கிழமைக்குள் நாற்பதும் வந்தால் நூலகத்தில் மாட்டுவதாகச் சொன்னார்கள். மாட்டினால் தெருவின் வாய் அடங்கும். இல்லையென்றால் சாகும்வரை அவர் திருடன்தான்.

எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பார்த்த படம் மறக்காது. கிடைக்காத படம் எது என்று கேட்டேன். பதுங்கு குழி வாசலில் வார்டன் தொப்பையோடு சிக்கிக்கொள்ள, உள்ளே பூனை அவருடைய டீயைக் குடிக்கிறது என்றார். அது எட்னாவின் சமையலறையில் இருக்கிறது என்றேன். திருடன் என்று கதை கட்டியவளே அந்த எட்னாதான்.

சனிக்கிழமை காலை பின்வாசல் வழியாக இருவரும் போனோம்.

"கரிக்காரன் என் தரையத் தோண்ட வந்திருக்கானா?"

"திங்கக்கிழமை வீட்டையே இடிக்கப் போறாங்க, தரைக்கு என்னடி? நாப்பத்தொண்ணாம் வருஷம் உன்கூட மண்டி போட்டு இத விரிச்சவ நான். நீ டீக்குத் தண்ணி வை, நான் தூக்குறேன்."

அடுப்போரம் லினோலியத்தைப் பெயர்த்தேன். முதல் தாள் நைந்திருந்தது. அதற்குக் கீழே, சுருக்கம்கூட இல்லாமல், வார்டன்.

எட்னா குனிந்து பார்த்தாள். சண்டைக் காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் அவள் அம்மாவின் பல்செட் டீக்கோப்பைக்குள் விழுந்தது.

"எங்கம்மா பல்லு," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வில்ஃபைப் பார்த்து, "ஈயம்னு சொன்னது நாந்தான். தப்பு," என்றாள்.

வில்ஃப் தாளை அவளுடைய மாவுப் பலகைமேல் வைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் திரும்பினார்.

"அங்க எங்க போற?" என்றாள் எட்னா.

எங்கள் தெருவில் முன்கதவு மணப்பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கும். ஈரத்தில் உப்பிக் கிடந்த அதை எட்னா தோள் கொடுத்து இழுத்துத் திறந்தாள். எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக விலகின. வில்ஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, படம் எல்லோருக்கும் தெரியும்படி பலகையைப் பிடித்து, அந்தக் கதவு வழியாக வெளியே நடந்தார்.