தலைமாட்டுக் கத்தி

டாண்டினாங் என்ற இந்த அயல்நாட்டு ஊரில் பரிகுல்லுக்குப் பேச்சுத்துணை மாமியார் கமரும் பக்கத்து வீட்டுக்காரியான நானும்தான். புருஷன் சஃபருக்கு வெளியூர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஆப்கானிஸ்தானில் அவள் கோதுமை அறுக்க இறங்கினால் ஆண்களே பின்தங்குவார்களாம். இங்கே பிள்ளை பெற்றதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் ஹஸாரா இன வீடுகளில் பிள்ளை பெற்றவளின் தலையணைக்கடியில் நாற்பது நாள் கத்தி இருக்கும். காத்துக்கருப்பு இரும்புக்குப் பயப்படும். பரிகுல்லோ அந்தக் கத்திக்கே பயந்தாள். தன் கையே அதை எடுத்துப் பிள்ளையைக் குத்திவிடுமோ என்று; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரிடம் சொல்வாள்? சமையலறையில் ஒளித்து வைப்பாள். கமர் தேடியெடுத்து மறுபடி செருகுவாள்.

"புத்தி கெட்டவளே! எம்பேரனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

ஒருநாள் நான் களி கிண்டிக் கொண்டுபோயிருந்தபோது தாய்சேய் நர்ஸ் வந்தாள். நல்ல பெண். போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள். மொழிபெயர்ப்பவர் எங்கள் ஆள்தான், ஆண்குரல்.

"உன்னையோ குழந்தையையோ ஏதாச்சும் பண்ணிடத் தோணுதான்னு கேக்குறாங்க, தங்கச்சி."

முகம் தெரியாத ஆணிடம், மாமியாரை எதிரே வைத்துக்கொண்டு, எவள் ஆமாம் என்பாள்?

பரிகுல் தலையணைக்கடியில் கைவிட்டுக் கத்தியை எடுத்து நர்ஸின் மடியில் வைத்தாள்.

நர்ஸ் வெளிறிப்போனாள். "பயப்படாதம்மா, எங்க வழக்கம். குழந்தைக்குக் காவல்," என்று சிரித்தாள் கமர். போனும் அதையே சொன்னது. நர்ஸுக்கு மூச்சு வந்தது. பிறர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. புன்னகையோடு கத்தியைத் திருப்பி நீட்டினாள். பரிகுல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கத்தியை நான் பிடுங்கிக்கொண்டேன். "மாமி, அடுப்புல பால் பொங்குது, ஓடுங்க!"

அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. கமர் போனதும் கதவைச் சாத்தினேன். "அண்ணே, பொம்பளைக் குரல் வேணும்னு நர்ஸுகிட்டச் சொல்லிட்டு நீங்க வச்சிருங்க."

ஒரு பெண் கிடைத்தாள். போனைப் பரிகுல்லின் காதில் வைத்தேன். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் ஒரே கேள்வி கேட்டாள்: "புள்ளைய என்கிட்டருந்து புடுங்கிருவாங்களா?"

பிடுங்க மாட்டார்களாம். இரண்டு பேரையும் சேர்த்தே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்களாம். அன்றைக்கே போக வேண்டுமாம்.

காரில் ஏறும்போது பரிகுல் என்னிடம், "அக்கா, பைய ஒருதடவ பாத்திருங்க," என்றாள். பார்த்தேன். டயப்பர்களுக்கு அடியில் துணி சுற்றிய வேறொரு கத்தி.

"காவல் இல்லாம எப்படிடி அனுப்புவேன்?" என்று கமர் அழுதாள்.

பரிகுல் மாமியாரை நேராகப் பார்த்தாள். "காத்துக்கருப்பு இல்ல மாமி. நானே குத்திருவேனோன்னுதான் பயமா இருக்கு."

கமர் கத்தியை என் கையிலேயே விட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் காரில் ஏறி மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.