ரெண்டு வாட்டி மிதிக்கணும்

லாரி ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். அப்படிச் சொன்னபோது நானும் டிரைவர்தான். ஆனால் கார் டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், முதலாளி ஏறும்போது கதவைத் திறந்து பிடிக்கிற உத்தியோகம். காருக்கும் லாரிக்கும் நடுவில் நானாகவே ஒரு ஜாதியை உண்டாக்கி, அதில் உயர்ந்த இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

என் தங்கை அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த லாரி டிரைவரையே கட்டிக்கொண்டு, அதே ஊரில் அரைமணி பஸ் தூரத்தில் இருக்கிற ஈஜிபுராவுக்குக் குடித்தனம் போனாள். கல்யாணத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, தாலி கட்டி முடிந்ததும் பஸ் பிடித்து ஜோகுபாளையம் திரும்பிவிட்டேன். அப்புறம் நான்கு வருஷம் அவள் வீட்டுப் படி ஏறவில்லை. அவளோடும் பேச்சில்லை, மாப்பிள்ளையோடும் பேச்சில்லை. முதல் வருஷம் நிஜமாகவே கோபம் இருந்தது. இரண்டாவது வருஷத்தில் அது தீர்ந்துபோய் வீம்பு மட்டும் மிஞ்சியது. அதற்கப்புறம் எனக்கு அவளைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் முறைத்துக்கொண்டே போயிருப்பேன். யாரும் இழுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் முதலாளியின் மகன் படிப்பு முடித்து வந்தான். காரை நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றான். என்னைக் கூப்பிட்டு, "கோடவுன் லாரிக்கு ஆள் வேணும், ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வந்தா வேலை உனக்கு" என்றார்கள். நான் உண்டாக்கிய ஜாதியில் என்னையே கீழே இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்பு கடைந்துகொண்டே சிரித்தாள்.

"டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கறேன்" என்றேன்.

"சேர்ந்தா லைசென்ஸ் வாங்கிடுவீங்க. தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கு எந்த ஸ்கூலு லைசென்ஸ் குடுக்கும்?" என்றாள்.

எனக்குத் தெரியாமலே, மாப்பிள்ளையிடம் நான் கற்றுக்கொள்ள அவள் ஏற்பாடு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் மாப்பிள்ளை, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். நானும் வேறு பக்கம் பார்த்தபடியே போய் ஏறினேன். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஊரைத் தாண்டும்வரை அவரே ஓட்டினார். கூட்டம் குறைந்ததும் இடம் மாறி உட்கார்ந்தோம்.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் பேசிக்கொள்வதற்குத் தமிழில் தனி இலக்கணமே இருக்கிறது. நீ, நீங்கள் எதுவும் கிடையாது. சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லாரியில் சுவர் இல்லாததால் மாப்பிள்ளை முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"கிளச்சை ரெண்டு வாட்டி மிதிக்கணும். ஒரு வாட்டி மிதிச்சி கியரு மாத்தறது இதுல ஆவாது."

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னேன். "கார்ல ஒரு வாட்டியே போதும்."

"இது காரு இல்ல" என்றார், கண்ணாடியிடம்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய லாரியில் கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட வேண்டும். பிறகு மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். கியரைக் குறைப்பதாக இருந்தால் நடுவில், கிளச்சை விட்டிருக்கும்போதே, ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்த வேண்டும். ரேஸ் கொடுப்பது என்பார்கள். கேட்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டிய காலுக்கு மட்டும் அது புரியவில்லை. ஒரே மிதியில் காரியத்தை முடிக்கப் பார்த்தது. கியர் பெட்டிக்குள் யாரோ இரும்புச் சட்டியைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசியது.

சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளைக்குப் பொறுமை உண்டு. சத்தம் வரும்போதெல்லாம் கண்ணை மூடித் திறப்பார், அவ்வளவுதான். சிக்கல் எங்கள் இலக்கணத்தில்தான் இருந்தது. "இப்ப கிளச்சை விட்டா நல்லா இருக்கும்" என்று அவர் கண்ணாடியிடம் முடிப்பதற்குள் விட வேண்டிய நேரம் போய்விடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. மேலே ஏற்றும் கியர் ஒருவழியாக வந்தது. குறைப்பது மட்டும் வரவில்லை. மனைவி தினமும் கேட்டாள். "கியரு விழுதா" என்று கேட்கமாட்டாள். "பேசிட்டீங்களா" என்றுதான் கேட்பாள்.

நான்காவது ஞாயிறு, ஏரிப் பக்கம் இறங்குகிற சாலை. மூன்றாம் கியருக்குக் குறைக்க வேண்டிய இடம் வந்தது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் காலுக்கு வழக்கமான குழப்பம். கிளச்சையும் விடாமல், ரேஸும் கொடுக்காமல் கியரைத் தள்ளினேன். சுரண்டியதே தவிர விழவில்லை. மறுபடி தள்ளினேன், விழவில்லை. பின்னால் ஜல்லி கனத்தோடு லாரி தன்னிஷ்டத்துக்கு இறங்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். அத்தனை கனத்துக்கு அது யோசித்து யோசித்துத்தான் பிடித்தது. கீழே பஸ் ஸ்டாப்பில் ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தார். "கிளச்சை விட்டா நல்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"டேய்! கிளச்ச உடுடா! உடு! ரேஸ் குடு! இன்னும் குடுடா! இப்ப மிதி! போடுடா!"

கால் தானாகவே செய்தது. விட்டது, கொடுத்தது, மிதித்தது. கியர் வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு லாரியின் வேகத்தை அடக்கியது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு புங்கமரத்தடியில் ஓரம்கட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழவர் மட்டும் கன்னடத்தில் எங்கள் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனார்.

மச்சானை டா போடுவது எங்கள் பக்கத்தில் மகா குற்றம். அதற்காகப் பஞ்சாயத்து வைத்த குடும்பமே எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை. நான்கு வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பழையபடி கண்ணாடியிடம் போய்விட்டார். "வாய் தவறிடுச்சு. பெரியவங்க மனசுல வெச்சிக்கக் கூடாது."

"பெரியவங்க யாரு? இங்க நம்ம ரெண்டு பேருதான இருக்கோம், மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, "வீட்டுக்குப் போலாமா மச்சான்?" என்றார்.

"போலாம். ஆனா நீங்களே ஓட்டுங்க. இன்னைக்கு என் காலுக்கு இது போதும்."

லைசென்ஸ் இரண்டாம் தடவையில் கிடைத்தது, லாரி வேலையும் கிடைத்தது. அதில் சொல்ல அதிகம் இல்லை. அன்றைக்கு ஈஜிபுராவில் மெயின் ரோட்டிலேயே லாரியை விட்டுவிட்டுச் சந்துக்குள் நடந்தோம். வழியெல்லாம் நான் பெருந்தன்மையோடு நடந்தேன். மன்னித்துவிட்டேன் அல்லவா. தங்கை ஓடிவந்து அழுவாள், "போனது போகட்டும் விடு" என்று நான் சொல்லவேண்டும் என்று வசனம்கூட தயார் செய்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "வந்தவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்றாள்.

பேசாமல் இருந்தது நான் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளுக்கும் ஒரு கோபம் இருக்கலாம், அது என்னுடையதைவிட நியாயமானதாக இருக்கலாம் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. தயார் செய்த வசனத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஜோகுபாளையத்துல ஏறி ஈஜிபுரால இறங்க நாலு வருஷமாண்ணா?"

வழியில் டிராஃபிக் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.